சத்தத்தோடு போன வீடியோ

தறியில் நான் இருந்தேன். பக்கத்தில், சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள என் மனைவி வள்ளி. ஃபோனில் வீடியோ பிடிக்கத் தம்பி ஏழுமலை. எங்களிடம் சேலை எடுத்த கடை வாங்குவதை நிறுத்திவிட்டது. நாங்களே விற்காவிட்டால் தறியை நிறுத்த வேண்டியதுதான்.

யூடியூபில் விளம்பரப் பாடம் பார்த்தேன். வீடியோவில் சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டுப் போடச் சொன்னார்கள். அவசரத்தில் சத்தத்தை எடுக்காமலே இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிட்டேன்.

மத்தியானம் ஏழுமலை ஓடி வந்தான். “அண்ணா, அண்ணி திட்டறது ஊருக்கே கேக்குது!”

வீடியோவில் வள்ளி, “யோவ், இழை அறுந்து தொங்குது, நீ ஃபோனைப் பாத்து சிரிச்சிக்கினு இருக்கியே! நிறுத்துயா!” என்கிறாள். நான் நிறுத்தி, இழையை முடிகிறேன்.

மானம் போச்சு என்று அழிக்கப் போனேன்.

“இருண்ணா, கீழ படி” என்றான்.

‘அந்த அம்மா பார்த்து நெய்யும் சேலைதான் எனக்கு வேண்டும்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். படிக்கும்போதே இன்னொன்று வந்தது. பிறகு மூன்று. ஃபோனை வள்ளியிடம் நீட்டினேன்.

“திட்டினதுக்குக் கூலி எடுயா” என்றாள் வள்ளி.

இப்போது நான் சத்தத்தை எடுப்பதில்லை. இழை அறுந்தால் அதையும் காட்டுகிறேன். இதுவரை வந்த ஆர்டர், பதினான்கு சேலை.