ஹேமலதா கேட்காமல் ஏற்றிக் கொடுத்தவை

என் ஜீப்புக்கு இருந்த எஸ்டேட் கான்ட்ராக்ட் போனது ஹேமலதாவால்தான். பதினோரு வருடம் ஆகிவிட்டது, இன்னும் ஆறவில்லை. செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் எழுத வேண்டும் என்பார்கள். எழுதுகிறேன். ஆனால் இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

ஏற்காட்டில் வாசிப்பு வட்டம் என்று ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுகிறார்கள். அரசியல் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற, இடதுசாரிப் பக்கம் சாய்கிற இளவட்டங்கள் என்ன படிக்கலாம், என்ன பாட்டுக் கேட்கலாம், என்ன படம் பார்க்கலாம் என்று ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். பட்டியலில் பாதி ஹேமலதா சொன்னது. அதனால் முன்னால் அவரைப் பற்றி நாலு பக்கம் வேண்டும், கடைசிவரைக்கும் கூட இருந்தது நீங்கள்தானே என்று என்னிடம் வந்தார்கள். நான் ஏழாவதோடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் அவர்கள் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

ஹேமலதாவுக்கு ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் செல்போன் கடை. ஆள் ஒருவர் நிற்கிற அகலம்தான். ரீசார்ஜ் செய்வது, உடைந்த கண்ணாடி மாற்றுவது, மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவது. அப்போது கரடியூர் பக்கமெல்லாம் டவர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வருகிற எஸ்டேட் பிள்ளைகள் கார்டைக் கொடுத்துவிட்டுப் போய், சாமான் வாங்கித் திரும்பும்போது பாட்டோடு வாங்கிக்கொண்டு போவார்கள். நானும் ஒரு பென் டிரைவைக் கொடுத்தேன். பழைய பாட்டு, வெளியூர்க்காரர்களுக்குப் பிடிக்கிற மாதிரி, இருநூறு என்று சொன்னேன்.

அறுவடை நேரம். எஸ்டேட் மேனேஜரும் முதலாளி வீட்டு விருந்தாளிகளும் வண்டியில் இருக்கிறார்கள். முப்பது நாற்பது பாட்டு ஓடிய பிறகு திடீரென்று ஒரு பெண் குரல். கூடத் தப்பு மேளம் அடிக்கிற சத்தம் மட்டும். 'என் கூடை நெறஞ்சுது, உன் தராசு நெறயலையே' என்று அந்தக் குரல் கேட்கிறது. எங்கேயோ ஒரு மலையில் காப்பிப் பழம் எடை போடுகிற இடத்தில் பெண்கள் பாடி, யாரோ பதிவு செய்தது. நான் அணைப்பதற்குள் மேனேஜர் கையைக் காட்டி என்னைத் தடுத்துவிட்டார். முழுப் பாட்டும் ஓடியது. அடுத்த மாதம் எஸ்டேட்டுக்கு வேறு ஜீப் ஓடியது.

நேரே கடைக்குப் போனேன்.

"ஏம்மிணி, அந்தப் பாட்டை நான் கேட்டனா?"

"கேக்கலீங்கண்ணா."

"பொறவு எதுக்குப் போட்ட?"

"பாட்டு நல்லா இல்லீங்களா?"

"பாட்டு நல்லாத்தான் இருக்குது. பொழப்புத்தான் நாசமாப் போச்சு."

"மேனேஜரு முழுசாக் கேட்டாருங்களா?"

"கேட்டாரு."

"அப்பப் பரவால்லீங்க," என்றார். ஆம்பளையாக இருந்திருந்தால் அன்றைக்கு அடித்திருப்பேன்.

அவருடைய வீட்டுக்காரர் சேகர், ஒரு லாட்ஜில் சமையல்காரர். அடுத்த வாரத்திலிருந்து லாட்ஜுக்கு வருகிறவர்களைச் சேகர் என் வண்டிக்கு அனுப்பத் தொடங்கினார். ஹேமலதா சொல்லித்தான். மன்னிப்பு என்று வாயால் ஒருநாளும் கேட்டதில்லை.

ஹேமலதா சேலத்துக்காரர். அப்பா ஜவ்வரிசி ஆலையில் வேலை. தொழிற்சங்கத்து ஆபீசில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடப் பாடம் படித்தாராம். பாடம் முடிந்தால் அங்கே அலமாரியில் இருக்கிற புத்தகம். காலேஜ் இரண்டாம் வருடத்தில் அப்பா போய்விட்டார், கல்யாணம் செய்து மலைக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை இல்லை. கொரோனாவுக்கு முந்தின வருடம் சேகரும் மாரடைப்பில் போனார். அதற்குப் பிறகு வீட்டில் படுப்பது மட்டும்தான், மற்ற நேரமெல்லாம் கடை.

டவர் வந்து, பாட்டு ஏற்றுகிற தொழில் படுத்தது. ஆனாலும் பிள்ளைகள் வந்தார்கள். என்ன படிக்கலாம் என்று கேட்டால் உடனே சொல்ல மாட்டார். "என்ன வேலை செய்யற கண்ணு? உங்கம்மா என்ன பண்றாங்க?" என்று ஆரம்பிப்பார். லாட்ஜில் ரூம் கழுவுகிற பெண்ணுக்கு, வேறு நாட்டில் ஓட்டலில் துணி துவைக்கிறவர்களைப் பற்றிய படம், கீழே எழுத்து ஓடுவது. காலேஜில் படித்துவிட்டு அதிகம் பேசுகிறவனுக்குத் தடித்த வரலாற்றுப் புத்தகம். அது முடிகிற வரைக்குமாவது வாய் மூடியிருக்கும் என்பார். "கோவமா வர்றவனுக்கு மேடைப் பேச்சைக் குடுக்கக் கூடாதுங்கண்ணா. கதையைக் குடுக்கணும்," என்று என்னிடம் ஒருதரம் சொன்னார். தினேஷ் விஷயத்தில் அதை அவரே மறந்துவிட்டார்.

தினேஷ், எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்குக் கொடுக்கிற லைன் வீட்டுப் பிள்ளை. அப்பா சின்னையன் அங்கே மருந்து அடிக்கிறவர். தினேஷ் சேலத்தில் டிகிரி படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தான். ஹேமலதா கொடுத்த பேச்சையெல்லாம் கேட்டான், பாட்டையெல்லாம் கேட்டான், படமெல்லாம் பார்த்தான். ராத்திரி தூங்காத கண்ணோடு காலையில் கடை திறக்கும் முன்னால் வந்து நிற்பான். "அடுத்தது என்னங்கக்கா?" ஹேமலதாவுக்குப் பெருமை. கொடுத்துக்கொண்டே இருந்தார்.

கொரோனா முடிந்த வருடம் அந்த எஸ்டேட்டில் சித்தன் என்பவர் சில்வர் ஓக்கு மரத்தில் ஏறி, காப்பிச் செடிக்கு வெயில் விழ நிழல் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தபோது விழுந்து செத்தார். இடுப்பில் கயிறு இல்லை. குடித்துவிட்டு ஏறினார் என்று எஸ்டேட்டில் எழுதிக்கொண்டார்கள். சித்தன் டீ கூடக் குடிக்காத ஆள். தினேஷ் அந்த மரத்தையும், சித்தன் பெண்சாதி பேசியதையும் போனில் படம் பிடித்து, பின்னால் அந்தத் தராசுப் பாட்டைச் சேர்த்து, நாலு நிமிட வீடியோவாக விட்டான். இரண்டே நாளில் மலை முழுக்கப் பார்த்தது.

பொய் பரப்பினான், ஜனங்களைத் தூண்டிவிட்டான் என்று போலீஸ் கேஸ். நாற்பத்து மூன்று நாள் உள்ளே இருந்தான். ஹேமலதா கடை கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளே இருந்த பாட்டும் படமும் போய், அது வெறும் பெட்டியாகத் திரும்பி வந்தது. சின்னையனுக்கு வேலை இல்லை என்றார்கள், லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அவரும் பயந்துபோய் அன்றைக்கே காலி செய்தார்.

அந்தச் சாயங்காலம் நான் கடையில் நின்றிருந்தேன். சின்னையன் பாத்திர மூட்டையோடு வந்தார். சத்தம் போடவில்லை.

"எம்பையன் காதுல என்னத்தைப் போட்ட அம்மிணி?"

ஹேமலதா எழுந்து நின்றார்.

"நீ கடையச் சாத்துனா உனக்கு ஊடு இருக்குது. நான் எங்க போகட்டும், சொல்லு. அந்தப் பாட்டுல அது இருக்குதா?"

ஹேமலதா கடையைச் சாத்திவிட்டு மூட்டையை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். பத்து நாள் அங்கே இருந்துவிட்டு, சின்னையன் கரடியூரில் தம்பி வீட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் தகரம் போட்டு ஒதுங்கினார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

தினேஷ் ஜாமீனில் வந்ததும் அப்பாவைப் பார்க்கும் முன் கடைக்கு வந்தான். "அடுத்தது என்னங்கக்கா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டான். ஹேமலதாவின் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன்.

கீழே குனிந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். தோட்டத் தொழிலாளர் சட்டம், சங்கத்துக்காரர்கள் தமிழில் அச்சடித்தது. அவன் இரண்டு தாளைப் புரட்டினான்.

"இது நொம்பச் சலிப்பா இருக்குதுங்கக்கா."

"சலிப்பாத்தான் இருக்கும். உங்கப்பனோட ஊட்டு வாசப்படி அதுல எத்தனாவது பக்கத்துல இருக்குதுன்னு கண்டுபிடிச்சுக்கிட்டு வா. பொறவு பாட்டுக் கேக்கலாம்."

அவன் கண்டுபிடித்தான். நினைத்த மாத்திரத்தில் அப்படி வெளியே தள்ளிவிட முடியாது என்று அதில் இருந்ததாம். காலி செய்த பிறகு கண்டுபிடித்து என்ன செய்வது. அன்றிலிருந்து யார் வந்து கேட்டாலும் ஹேமலதா சட்டப் புத்தகத்தைத்தான் முதலில் கொடுத்தார். பாதிப் பேர் திரும்பி வரவில்லை. "வராட்டிப் போகட்டும். முன்னாடி அதை நான் செஞ்சிருக்கணும்," என்பார். வட்டத்துப் பிள்ளைகள் தங்கள் பட்டியலில் பாட்டை முதல் பக்கத்தில் போட்டிருந்தார்கள். மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வருடம் முன்னால் ஹேமலதாவுக்குச் சிறுநீரகம் போனது. வாரத்தில் இரண்டு நாள் சேலத்தில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். பஸ்ஸில் இருபது வளைவும் இறங்குவதற்குள் வாந்தி எடுத்துக் களைத்துப்போவார். நான் ஜீப்பில் கொண்டுபோனேன். ஏன் கொண்டுபோனேன் என்று கேட்டால் தெரியாது. ஒருநாள் இறங்கும்போது, "ஒம்பாட்டால கெட்டேன், இப்ப உனக்கே டிரைவரா இருக்கறேன்," என்றேன். "எஸ்டேட்காரனுக்கு இருந்ததுக்கு இது மேலுங்கண்ணா," என்றார். திருத்த முடியாத ஆள்.

தினேஷ் வாய்தாவுக்கு ஒழுங்காகப் போக மாட்டான். ஒருதரம் ஆத்தூர்ப் பக்கம் ஏதோ போராட்டம் என்று போய்விட்டான். இன்னொரு தரம் ஹேமலதாவுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்றதும் கோர்ட்டை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்துகொண்டான். அடுத்த முறை வரவில்லை என்றால் ஜாமீன் ரத்து, வாரண்ட் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். அடுத்தது புதன்கிழமை. சித்தன் குடித்திருந்தார் என்று எழுதிக்கொடுத்த சூப்பர்வைசரை அன்றைக்குத்தான் வக்கீல் கூண்டில் நிறுத்திக் கேட்கப் போகிறார். மூன்று வருடமாகக் காத்திருந்த நாள்.

திங்கட்கிழமை மூச்சு வாங்குகிறது என்று ஹேமலதாவைக் கீழே சேலத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கட்டிலில் படுத்தபடி என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"அண்ணா, புதன்கெழம அவன நீங்களே கூட்டியாந்து கோர்ட்டுக்குள்ள உடணும்."

"உடறேன்."

"அதுக்குள்ள நான் போயிட்டா அவங்கிட்டச் சொல்லாதீங்க. சொன்னா இங்கதான் ஓடியாருவான். உள்ள போயி, முடிச்சுட்டு, வெளிய வந்த பொறவு சொல்லுங்க."

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆவாது, சும்மா படு."

"ஆவுதோ ஆவலியோ. சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்," என்றேன்.

புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு அவர் தம்பி லோகேஷ் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான். ஐந்து மணிக்கே முடிந்துவிட்டதாம். மத்தியானம் வரைக்கும் யாருக்கும் சொல்லாதே, போனில் எதுவும் போடாதே என்றேன். ஏன் என்று கேட்டான், அழுதான். உங்கக்கா சொன்னது என்றேன்.

ஏழு மணிக்குக் கரடியூரில் தினேஷை ஏற்றினேன். சின்னையன் தகரத்தை ஒதுக்கிக்கொண்டு வந்து, மகன் சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டு உள்ளே போனார்.

"போனை அணைச்சு வெச்சுரு சாமி. கோர்ட்டுல சத்தம் கேட்டா ஜட்ஜ் வையும்," என்றேன். அணைத்தான்.

வழியெல்லாம் சூப்பர்வைசரிடம் வக்கீல் கேட்கப் போகும் கேள்விகளைச் சொல்லிக்கொண்டு வந்தான். கயிறு யார் கொடுக்க வேண்டும், கொடுத்ததற்குக் கையெழுத்து எங்கே, டாக்டர் சாராய வாசனை என்று எழுதினாரா. அந்தக் கேள்விகளை அக்காவும் தானும் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதியது என்றான். நான் வளைவைப் பார்த்து ஓட்டினேன்.

கோர்ட் வாசலில் வக்கீல் நின்றிருந்தார். தினேஷ் இறங்கி, கதவைச் சாத்தாமல் குனிந்தான்.

"அக்காவுக்கு எப்படிங்க இருக்குது மாமா? முடிஞ்சதும் நேரா அங்க போலாமா?"

"போலாம். மொதல்ல உள்ள போ," என்றேன்.