பாம்பன்காரியின் புருஷன்

எனக்குப் பகல்கனவு காணும் பழக்கம் உண்டு. பழக்கம் என்று மரியாதையாகச் சொல்கிறேன். வீட்டில் அதற்கு வைத்த பெயர் பராக்குப் பார்ப்பது. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா திட்டினார், பின்னால் மாமியார் திட்டினார். உலையில் அரிசி போட மறந்து வெறுந்தண்ணீரை அரைமணி நேரம் கொதிக்கவிட்டவளைக் கொஞ்சவா செய்வார்கள். நான் திருந்தவில்லை. என் வீட்டுக்காரர் ஓய்ந்த நேரத்தில் போனில் கபடி பார்க்கிறார். என்னுடைய பொழுதுபோக்குக்குச் சார்ஜர்கூடத் தேவையில்லை.

பாம்பன்காரி எனக்கு ரயிலில் கிடைத்தாள். தை அமாவாசைக்கு இராமேஸ்வரம் போய்க்கொண்டிருந்தோம். பாம்பன் பாலம் தாண்டி வண்டி மெதுவாக ஊர்ந்தபோது, ஒரு ஓட்டு வீட்டு வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம், முறத்தில் அரிசி. கை அசையவில்லை, பார்வை தெருவில் இருந்தது. யாரை எதிர்பார்க்கிறாள்? புருஷனை. அவன் எங்கே? கேரளாப் பக்கம் படகு வேலைக்குப் போனவன், ஒரு தகவலும் இல்லை. நானாகக் கேட்டு நானாகப் பதிலும் சொல்லிக்கொண்டேன். கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் என் தலையில் விழுந்தன, எதுவும் மனதில் நிற்கவில்லை. ஊர் திரும்புவதற்குள் அவளுக்கு இரண்டு பிள்ளைகளும் சண்டைக்கார மாமியார் ஒருத்தியும் வந்துவிட்டார்கள்.

மாசி, பங்குனியில் எங்கள் ஊரில் மிளகாய்ப் பழம் எடுக்கிற வேலை. ஆறு பெண்கள் சேர்ந்து, இன்றைக்கு ஒருத்தி தோட்டம், நாளைக்கு ஒருத்தி தோட்டம் என்று மாற்றி மாற்றிப் போவோம். விரல் காந்தும், பிடரியில் வெயில் அடிக்கும், இடுப்பு ஒடியும். நான் குனிந்த இடத்திலிருந்தே பாம்பனுக்குப் போய்விடுவேன். மற்றவர்கள் முனகிக்கொண்டு நிமிரும்போது நான் சிரித்த முகத்தோடு நிமிர்வதை ஒருத்தி கவனித்தாள். எனக்கு நாத்தனார் முறை.

“என்ன மதினி, தனியாச் சிரிக்கிறீக?”

“பாம்பன்ல எங்க பெரியம்மா மக ஒருத்தி இருக்கா. அவள நெனச்சேன்.”

வாயில் வந்துவிட்டது. இல்லாத ஒருத்தியை நினைத்துச் சிரித்தேன் என்றால் வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போவார்கள். சொந்தக்காரி என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அதற்குப் பிறகு தினமும் அவளைப் பற்றித்தான் பேச்சு. புருஷன் தகவல் இல்லாமல் போனதில் தொடங்கி, கண் காது மூக்கு வைத்துச் சொன்னேன். மாமியார் கருவாட்டுப் பானையை ஒளித்து வைத்ததற்கு ஒரு நாள், மூத்த பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கடற்கரையில் பந்து விளையாடியதற்கு ஒரு நாள். மாமியாரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தன் மாமியார் காதில் விழட்டும் என்றே ஒருத்தி உரக்கச் சொன்னாள். பாத்தி முடிந்ததுகூடத் தெரியாமல் வரப்பில் வந்து முட்டியிருக்கிறோம். மனசுக்கு ஒரு போக்கிடம் இருந்தால் உடம்பு தன் வேலையை முணுமுணுக்காமல் பார்த்துக்கொள்ளும். இதை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. தலைவலி மாத்திரை இல்லாமல் எனக்குப் போன பங்குனி அது ஒன்றுதான்.

அந்த நாத்தனார் மட்டும் யோசனை எதுவும் சொல்ல மாட்டாள். தினமும் எனக்குப் பக்கத்து வரிசையாகப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். அவள் புருஷன் மலேசியாவில் ஓட்டல் வேலையில் இருந்தான். ஒன்றரை மாதமாகப் போன் இல்லை. ஊருக்கே தெரியும், அதனால் அவளிடம் யாரும் கேட்பதில்லை. நான் இதையும் அதையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. பழம் எடுக்கும்போது ஒருவருக்கொருவர் முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. இது சாக்குத்தான், எனக்கே தெரிகிறது.

பங்குனி நடுவில் கதை சப்பென்று ஆகிவிட்டது. எத்தனை நாளைக்குத்தான் பாம்பன்காரி தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு காலையில் புருஷனைக் கொன்றுவிட்டேன். படகு கவிழ்ந்து ஆள் போய்விட்டதாகத் தகவல் வந்திருக்கிறது என்றேன். நான்கு பேர் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை, நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று.

நாத்தனார் நிமிர்ந்தாள். மிளகாய் எடுத்த கையால் கண்ணைத் துடைக்க முடியாது. தோளில் முகத்தைத் தேய்த்தபடியே கூடையை வரப்பில் வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை என்று அவள் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மூன்றாம் நாள் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவமானமாக இருந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

“பாம்பன்ல அப்படி ஒருத்தியே இல்ல தாயி. அம்புட்டும் நானா இட்டுக்கட்டுனது.”

என்னையே பார்த்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“ஏர்வாடி தர்காவுக்குப் போயி அவளுக்கும் சேத்துத்தான வேண்டிட்டு வந்தேன்” என்றாள். “அவ தாங்குறா, நாமளும் தாங்கிருவோம்னு இருந்தேன்.”

பிறகு அவளே கேட்டாள்.

“பொய்யிதான மதினி? அப்ப அந்த ஆளத் திருப்பிக் கொண்டாங்க.”

கேலியாகச் சொல்லவில்லை. கிழிசல் சேலையைக் கடையில் மாற்றித் தரச் சொல்லுகிற குரலில் கேட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து அவனைக் கரையேற்றினேன். தகவல் சொன்னவர்கள் ஆளை மாற்றிச் சொல்லிவிட்டார்கள், வேறு படகுக்காரர்கள் இவனைத் தூக்கிவிட்டார்கள், ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்றெல்லாம் சொன்னேன். அவள் விடவில்லை.

“உசுரோட இருக்கிற ஆளு ஏன் போன் பண்ணல?”

வாழ்நாளெல்லாம் இட்டுக்கட்டியவளுக்கு அந்த நேரத்தில் ஒரு காரணம் அகப்படவில்லை. அவள் கேட்பது பாம்பன்காரனைப் பற்றி அல்ல என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“போனு தண்ணியில போயிருச்சு” என்றேன். “அவனுக்கு மனப்பாடமா இருந்தது அவளோட பழைய நம்பரு மட்டுந்தான். அவ நம்பர மாத்திட்டா.”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நானுந்தான் பொங்கலுக்குப் பெறகு சிம்ம மாத்துனேன். புதுசுல அவுக ஒரே ஒரு தடவதான் பேசுனாக.”

எழுந்து உள்ளே போனாள். பீரோவுக்கு மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கித் தரையில் கவிழ்த்தாள். பிள்ளையின் மருந்துச் சீட்டு, ஊக்கு, அறுந்த கொலுசு, பழைய ரேஷன் அட்டை எல்லாம் பரவிக் கிடந்தன. நடுவில் உட்கார்ந்து கிளற ஆரம்பித்தாள். மாதக்கணக்கில் ரீசார்ஜ் செய்யாத பழைய சிம் செத்துப்போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

“நீங்களும் பாருங்க மதினி” என்றாள் தலை நிமிராமல். “சின்னதா இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.”

நானும் உட்கார்ந்து தேடினேன்.