எல்லாரும் சுடும் என் ஓரகத்தி

"நாள் முழுக்க என்னையே சுடுறாங்க. நான் என்ன பாவம் பண்ணேன்?"

வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே என் ஓரகத்தி இப்படித்தான் ஆரம்பிப்பாள். இருபத்துமூன்று வருடமாக ஒரு நாள் தவறாமல் கேட்டிருக்கிறேன்.

கடைத்தெருவில் செருப்புக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் ஒரு விளையாட்டுக் கூடம் இருக்கிறது. அங்கே டோக்கன் கொடுப்பது இவள் வேலை. இவள் மேசையை ஒட்டியே துப்பாக்கி கேம் நிற்கிறது. பெட்டியோடு வயரில் கட்டிய சிவப்புத் துப்பாக்கி ஒன்று, நீலம் ஒன்று. திரையில் ஜன்னல் ஜன்னலாகத் திருடன் எட்டிப் பார்ப்பான், சுட வேண்டும். ஆறு குண்டு தீர்ந்ததும் துப்பாக்கியைத் திரைக்கு வெளியே திருப்பி ஒரு தடவை அழுத்தினால்தான் மறுபடி நிரம்பும். திரைக்கு வெளியே உட்கார்ந்திருப்பது யார்? இவள்தான்.

அந்த கேம் வந்த புதிதில் வரிசை படிக்கட்டு வரை நின்றது. பிறகு எல்லார் கைக்கும் போன் வந்தது, வரிசை கரைந்தது. மெக்கானிக்கும் வருவதை நிறுத்திவிட்டார். இவளே பின்கதவைத் திறந்து நோண்ட ஆரம்பித்தாள். முதல் வருடமே பிக்சர் டியூபில் கை வைத்து ஷாக் வாங்கி, சுவரோரம் போய் விழுந்தாள். ஒரு வாரம் அவளால் கரண்டி பிடிக்க முடியவில்லை, இரண்டு வீட்டுச் சமையலும் என் தலையில். அதற்குப் பிறகுதான் டியூபில் தங்கியிருக்கும் கரன்ட்டை வயர் வைத்து இறக்கக் கற்றுக்கொண்டாள்.

சமீபத்தில் முதலாளியின் மருமகன் பொறுப்புக்கு வந்தார். வந்த கையோடு, முதுகு புடைத்த பழைய திரையைக் கழற்றிவிட்டுத் தட்டை டிவி மாட்டச் சொன்னார்.

"அதுல சுட முடியாதுங்க," என்றாள் இவள்.

"ஏன், திருடனுக்குப் புது டிவி பிடிக்காதா?"

"துப்பாக்கி எதையும் சுடுறதில்லங்க. அது பாக்குது, அவ்வளவுதான். பழைய திரை வெளிச்சத்தக் கோடு கோடா வரையும். எந்த நேரத்துல வெளிச்சம் பட்டுச்சுன்னு வச்சுத்தான் எங்க குறி வச்சோம்னு மெஷின் கண்டுபிடிக்கும். தட்டை டிவி அப்படி வரையாது."

"டோக்கன் குடுக்குற வேலைய மட்டும் பாரும்மா."

மாட்டினார்கள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு திருடன்கூடச் சாகவில்லை. மருமகன் விரல் சிவக்கச் சிவக்கச் சுட்டுப் பார்த்துவிட்டு, பழுது துப்பாக்கியில்தான் என்றார். கழற்றிய பழைய டியூபோ கீழே இறக்கும்போதே கழுத்து உடைந்திருந்தது. சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்து மொத்தப் பெட்டியையும் எடுத்துப் போவார், அந்த இடத்தில் பொம்மை பிடிக்கிற மெஷின் வரும் என்று முடிவாகிவிட்டது.

புதன்கிழமை மத்தியானம் என் வாசலில் வந்து நின்றாள். கையில் ஸ்க்ரூடிரைவர்.

"அக்கா, உங்க டிவியும் முதுகு புடைச்ச பழசுதானே, அதே சைஸ்."

"அதுக்கு?"

"டியூப் வேணும்."

"ஏண்டி, நான் நாடகம் பாக்குறது உன் கண்ண உறுத்துதா?"

"அதுல வர்ற மாமியார் வருஷக்கணக்கா அதே முறைப்புதானேக்கா. மிச்சக் கதைய நானே சொல்றேன்."

கொடுத்தேன். மனசில்லாமல்தான் கொடுத்தேன். அவள் மாட்டிய முதல் நாள் படம் தலைகீழாக வந்தது. வயரை மாற்றிப் போட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருடர்களைக் காலில் நிற்க வைத்தாள்.

மறுநாள் காலை இரும்புக்காரர் இரண்டு ஆளோடு வந்தபோது, மெஷினை மறித்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிம்மா, தூக்கணும்."

"செத்ததத்தானே தூக்குவீங்க? இது சாகல. சுட்டுப் பாருங்க."

இரும்புக்காரர் நீலத் துப்பாக்கியை எடுத்தார். முதல் குண்டிலேயே ஒருவன் ஜன்னலிலிருந்து விழுந்தான். ஆட்களில் ஒருவர் சிவப்பை எடுத்தார். மருமகன் மாடி ஏறி வந்தபோது அவர்கள் நான்காவது கட்டத்தில் இருந்தார்கள். வண்டி கீழே சும்மா நின்றது.

"யாரக் கேட்டு டியூப மாத்துன?"

"உங்ககிட்ட முதல்லயே சொன்னேன், நீங்கதான் கேக்கல."

"இத எவன் வந்து ஆடப் போறான்?"

"இப்ப ஆடுறது யாருங்க? மூணு மாசம் குடுங்க. ஆள் வரலன்னா நானே கீழ இறக்கி வைக்கிறேன், கூடவே நானும் இறங்கிக்கிறேன்."

மருமகன் இரும்புக்காரரைப் பார்த்தார். அவர் திரும்பவே இல்லை. "மூணு மாசம்தான்," என்று சொல்லிவிட்டு மருமகன் இறங்கிப் போனார்.

அதில் ஐந்து வாரம் கழிந்துவிட்டது. கூடம் காலை பத்து மணிக்குத் திறக்கிறது. லிஃப்ட் கிடையாது, மூன்று மாடி ஏற மூச்சு வாங்கும், பரவாயில்லை. ஒரு தடவை போய் அவளைப் பார்த்து, டோக்கன் வாங்கி ஆடிவிட்டு வாருங்கள். முதல் திருடனிடமே தோற்றாலும் கணக்குதான்.