ஹதியாவை வென்றவனுக்கு ஒரு வாழ்த்துரை

என்னுடைய மனுசனுக்கு மைக் தேவையில்லை. நாலு பேர் ஓரிடத்தில் இருந்தால் போதும், எழும்பி நின்று தொண்டையைச் செருமிவிடுவார். மொன்றியலில் எங்கள் ஆட்களின் கலியாணமோ, சாமத்திய வீடோ, அறுபதாவது பிறந்தநாளோ, வாழ்த்துரைக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். சோழன் கடல் தாண்டிப் போனதில் தொடங்கி, கேக் வெட்டக் கத்தியோடு காத்து நிற்கும் ஆளில் வந்து முடிப்பார். சனம் பசியில் துடித்தாலும் கை தட்டும். அந்தக் கைதட்டல்தான் ஆளைக் கெடுத்தது.

எங்கள் மகள் ஒரு எத்தியோப்பியப் பொடியனை விரும்புவதாகச் சொன்னபோது நான் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். பிறகு அவன் லவாலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, இடியப்பத்தைச் சொதியோடு கையால் குழைத்துச் சாப்பிட்டான். அதோடு என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவனுக்குத் தகப்பன் இல்லை. தாய்தான் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்து வளர்த்தவர். அவர் மனம் நிறைந்து ஓம் என்று சொல்லாமல் தான் கலியாணம் கட்டமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டான். எங்களைப் பார்த்துத்தான் அவர் முடிவு சொல்லப்போகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கோட்-டெ-நெய்ஜில் இருக்கும் தன் அப்பார்ட்மென்டுக்குக் கூப்பிட்டிருந்தார்.

கூப்பிட்ட நாளிலிருந்து மனுசன் எத்தியோப்பிய ராசாக்களைத் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினார். காலையில் தேத்தண்ணி குடிக்கிற நேரம் எனக்குப் பாடம் நடக்கும்.

"இஞ்சாரும், கேட்டீரே? அங்கை ராசாவாய் வாறவன் தன்ரை சகோதரங்களை எல்லாம் ஒரு மலையிலை கொண்டுபோய் அடைச்சு வைப்பானாம். சாகுமட்டும் இறங்கேலாதாம்."

"ஐயோ! சொந்தச் சகோதரங்களையோ?"

"பின்னை ஆரை? பக்கத்து வீட்டுக்காரனையோ? சிம்மாசனத்துக்குப் போட்டி வரக்கூடாதல்லோ."

அடுத்த நாள் அதைவிட மோசம். இன்னொரு பேரரசன், வேறு தெய்வத்தைக் கும்பிட்டார்கள் என்று குற்றம் சாட்டித் தான் பெற்ற பிள்ளைகளையே அடிப்பித்துக் கொன்றானாம். பெண்பிள்ளைகளையும் விடவில்லை. அதை அந்த நாட்டுக்காரரே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்களாம். இந்த மனுசன் ஏன் இவ்வளவு ஆவலாக வாசிக்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கிவிட்டது: அங்கே போய் எழும்பி நின்று பேசத்தான்.

"அங்கை போய் உதொண்டும் கதைச்சுப்போடாதேங்கோ."

"எனக்கென்ன விசரோ? நான் நல்ல ராசா ஒருத்தனை எடுத்து வைச்சிருக்கிறன். பதினாலாம் நூற்றாண்டு. நாலு பக்கமும் அடிச்சுப் பிடிச்சவன். எங்கடை சோழன் மாதிரி."

நான் தலையில் கை வைத்தேன். ஆனால் தடுக்கவில்லை. சோழன் மாதிரி என்றால் யாருக்குக் கசக்கும் என்று நினைத்துவிட்டேன்.

அந்த அம்மாவின் வீட்டுக் கதவைத் திறந்ததும் சாம்பிராணி மணம். எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை மாதிரி இருந்தது. நிலத்தில் புல் பரப்பி, அதன் நடுவில் சின்னச் சின்னக் கோப்பைகள் அடுக்கியிருந்தார். பச்சைக் கோப்பிக் கொட்டையை எங்களுக்கு முன்னாலேயே வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவர் முகத்துக்கு நேரேயும் கொண்டுவந்து காட்டினார். பொடியன் புகை அலாரத்துக்குக் கீழே நின்று துவாயால் விசிறிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவும் சிரித்தார். பிள்ளைகள் காப்பகமான கார்தெரியில் வேலை செய்த காலத்தில் நான் பழகிய பிரெஞ்சும் அவருடைய பிரெஞ்சும் நன்றாகவே ஒத்துப்போயின. நான் சுட்டுக்கொண்டு போன பயத்தம் பணியாரத்தைக் கடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கழுத்து நீண்ட கறுப்பு மண் கூசாவிலிருந்து கோப்பி ஊற்றினார். மூன்று தரம் ஊற்றுவார்களாம். மூன்றாவதுதான் ஆசீர்வாதம், அதைக் குடிக்காமல் ஒருவரும் எழும்பக்கூடாதாம். "அம்மா, அவ மூண்டாவது கோப்பியும் தந்திட்டா எண்டால் எல்லாம் சரி," என்று மகள் என் காதுக்குள் சொன்னாள்.

இரண்டாவது கோப்பி முடிந்தது. மனுசன் எழும்பித் தொண்டையைச் செருமினார்.

ஆங்கிலத்தில்தான் பேசினார். பொடியன் தாய்க்கு மொழிபெயர்த்தான். சோழன் கடல் தாண்டினான். அதுவரை நல்லது. பிறகு, "உங்கள் பேரரசன் மட்டும் என்ன குறைந்தவனா? ஹதியா நாட்டு அரசன் திறை கொண்டுவர மாட்டேன் என்றான். விட்டானா உங்கள் மன்னன்? வாளோடு போய், நாட்டையே துடைத்து, அந்த அரசனையும், ஆண் பெண் கிழவர் குழந்தை என்று எஞ்சிய அத்தனை பேரையும் சிறைபிடித்துக்கொண்டு வந்தான்!" என்று கையை உயர்த்தினார்.

பொடியன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டான். தாய் அவனைப் பார்த்தார். சொல் என்றார். அவன் குனிந்துகொண்டு சொன்னான்.

அந்த அம்மா கூசாவை நிலத்தில் வைத்தார்.

"நாங்கள் ஹதியா ஆட்கள்," என்றார் என்னைப் பார்த்து.

மனுசனின் கை உயர்த்தினபடியே நின்றது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் தெரியாது. எங்களில் யாரைக் கண்டாலும் நாங்கள் முதலில் கேட்பது "ஊரிலை எவடம்?" என்பதுதான். எந்த ஊர், எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டுத்தான் மற்றக் கதை. அப்படிப்பட்ட நாங்கள் இந்தப் பொடியனிடம், வேலை என்ன, சிகரெட் குடிப்பானா என்பதெல்லாம் கேட்டோம், அங்கே எவடம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எத்தியோப்பியா என்றான். அதோடு விட்டுவிட்டோம். எங்களை யாராவது அப்படி விட்டால் எங்களுக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வரும்!

கூசா அப்படியே இருந்தது.

மனுசன் மெல்ல நடந்துபோய் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்தார். லாசாலில் பெட்டி செய்கிற ஃபக்டரியில் பொறுக்கிய பிரெஞ்சில் ஏதோ சொல்லத் தொடங்கினார். எனக்கு அது என்ன கதை என்று உடனே விளங்கிவிட்டது.

எங்கள் நாட்டில் சண்டை முடிந்த கிழமை. ஃபக்டரி போர்மன் இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, "உன் நாடு வென்றுவிட்டது" என்று சொல்லி, கேக் வாங்கி வைத்தான். நல்ல மனுசன், அவனுக்கு எங்கள் நாட்டில் இரண்டு பக்கம் இருந்ததும் நாங்கள் தோற்ற பக்கம் என்பதும் தெரியாது. இவருடைய தமக்கை குடும்பத்திடமிருந்து அந்தக் கிழமை ஒரு தகவலும் இல்லை. பிறகும் வரவில்லை. அன்று வீட்டுக்கு வந்தவர், "அவங்கடை கேக்கை நான் தொடேல்லை, எறிஞ்சுபோட்டு வந்தனான்" என்றார். அந்தக் கதையை நான் எத்தனை வீட்டில் பெருமையாகச் சொல்லியிருப்பேன்! எங்கடை ஆள் அப்படி, மானஸ்தன் என்று.

அந்த அம்மா கடைசிவரை கேட்டார். பிறகு, "கேக்கைச் சாப்பிட்டீர்களா?" என்றார்.

மனுசன் என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"ஓம்," என்றார். தமிழிலேயே வந்துவிட்டது. பிறகு பிரெஞ்சில் தொடர்ந்தார். "எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு துண்டு சாப்பிட்டேன். மெர்சி என்றும் சொன்னேன்."

இத்தனை வருசம்! என்னிடம் கூடச் சொல்லாமல், இத்தனை வருசம்!

அந்த அம்மா தலையை ஆட்டினார். "பள்ளிக்கூடத்தில் அந்த ராசாவின் வெற்றியை நான்தான் உரத்து வாசித்தேன். என் குரல் நல்ல குரல். வகுப்பே கை தட்டியது," என்றார். "வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லவில்லை."

கூசாவை எடுத்து அடுப்பில் வைத்தார். கொதித்ததும் முதல் கோப்பையை மனுசனுக்கு ஊற்றினார். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். என்னைத் திரும்பிப் பார்த்ததில் கொஞ்சத்தைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். மகள் அழுதுகொண்டே துடைத்துவிட்டாள்.

எனக்கும் வந்தது. நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த இரண்டு துண்டுக் கேக்கை விழுங்கிய மனுசனை வாயைப் பிளந்து பார்த்தபடி இருந்தேன். அதை எறிந்தேன் என்று சொல்லிவிட்டு அன்றிரவு ஏன் அவர் வாந்தி எடுத்தார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

"அம்மா, குடியுங்கோ," என்றாள் மகள். "குடிக்காமல் எழும்பக்கூடாது."

குடித்தேன்.