பின்பக்கம் பார்க்காமல்

அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில், எந்நேரமும் லென்ஸும் கையுமாக இருக்கும் அவளை எல்லோரும் லென்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அஸ்திவாரம் தோண்டும்போது பானையோடு கிடைத்த ரோமானியச் செப்புக் காசுகள் தட்டுத் தட்டாக அவள் மேசைக்கு வரும். ஒவ்வொன்றும் நகத்தளவு. கை மாறிக் கை மாறித் தேய்ந்து, சட்டைப் பொத்தான் போல வழுவழுவென்று கிடக்கும். எந்த மன்னன் காலத்தது, எங்கே அடித்தது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை.

தேயும் காசில் மேடுதான் முதலில் போகும். மூக்கு, கன்னம், காதோரத்துச் சுருள்முடி எல்லாம் அப்படித்தான் போய்விடும். பள்ளம் மட்டும் தங்கும்: தாடைக்குக் கீழே, பிடரியில், விளிம்போரத்து எழுத்தின் காலடியில். அதனால் விளக்கை அவள் தலைக்கு மேல் வைக்க மாட்டாள். மேசையோடு மேசையாகத் தாழ்த்தி, பக்கவாட்டில் வெளிச்சம் அடிப்பாள். பள்ளத்தில் நிழல் விழுந்து, இல்லாததுபோல் இருந்த கோடு எழுந்து வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை வசமாகச் சறுக்கினாள். சில மாதங்களே ஆண்ட மன்னர் ஒருவரின் காசு கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்த நேரம். வளைந்த மூக்கைப் பார்த்ததும் அவரேதான் என்று பெயர் எழுதிவிட்டாள். பிரிவுத் தலைவர் காசைத் திருப்பினார். பின்பக்கத்தில் ஒரு கோட்டை வாசல்.

“இந்த வாசல் போட்ட காசு வர்றதுக்குள்ள உங்க மன்னர் செத்து அம்பது வருஷம் ஆயிடுச்சும்மா. ஆவியா வந்து மூக்கைக் காட்டினாரா?”

மூக்கு, யாரோ கீறிய கீறல். அன்றிலிருந்து பின்பக்கம் பார்க்காமல் அவள் எதற்கும் பெயர் எழுதியதில்லை.

அரசு மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோதும் அவள் கையில் ஒரு காசு இருந்தது. பேருந்து நிலையத்தில் விழுந்து கிடந்த ஒருவரைச் சேர்த்திருக்கிறார்களாம். பக்கவாதம், பேச்சு இல்லை. காணாமல் போனவர்கள் பட்டியலில் அவள் அண்ணனோடு வயது ஒத்துப்போகிறதாம். யாரும் சொந்தம் என்று வராவிட்டால் சாயங்காலம் வேறு ஊர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களாம்.

அண்ணன் லாரி ஓட்டியவர். பல வருஷத்துக்கு முன் ஒருநாள், லாரிக்கு மாற்றுச் சாவி செய்யப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். அதன்பின் இப்படிப் பலமுறை கூப்பிட்டு, பிணவறையிலும் நடைபாதையிலும் யார் யாரையோ காட்டிவிட்டார்கள். முதலில் போட்டது போட்டபடி ஓடினாள். பிறகு கையிலிருந்த வேலையை ஒழுங்காக எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். இப்போதும் காசை அதன் உறையில் போட்டு மூடிவிட்டு, தையல் கடையிலிருந்த அண்ணியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள்.

வார்டின் கடைசிக் கட்டிலில் அந்த மனிதர் கிடந்தார். வாய் ஒருபுறம் இழுத்திருந்தது. கன்னம் ஒட்டி, மூக்கு எப்போதோ உடைந்து சப்பையாகியிருந்தது. அண்ணி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“இவர் இல்ல. எம் புருஷன் மூக்கு கத்தி மாதிரி இருக்கும். வா, போகலாம். ரெண்டு ரவிக்கை இன்னிக்குக் குடுத்தாகணும்.”

“மூக்கை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது அண்ணி. முதல்ல போறதே அதுதான்.”

“ஆமா, உனக்கு எல்லாமே காசுதான்.”

லென்ஸம்மா அவர் தாடையை மெல்லத் தூக்கி, செல்போன் விளக்கைக் காதோரமாகச் சாய்த்துப் பிடித்தாள். நரைத்த தாடிக்கு அடியில், தாடையின் கீழ், பழைய தையல் போட்ட கோடு ஒன்று நிழலாக எழுந்தது. லாரியின் பின்கதவு இடித்து அண்ணனுக்கும் அங்கேதான் தையல் போட்டார்கள்.

“லாரி ஓட்டறவங்கள்ல பாதிப் பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கும்” என்றாள் அண்ணி.

“இருக்கும். ஒரு அடையாளம் போதாது. சிஸ்டர், இவரைக் கொஞ்சம் திருப்பணும்.”

“வேண்டாம்” என்று நர்ஸுக்கு முந்தி அண்ணி சொன்னாள். குரல் உயரவில்லை. “திருப்பாதே.”

சின்ன வயதில் அண்ணன் பின்னால் நகர்ந்து இஸ்திரிப் பெட்டியில் சாய்ந்துவிட்டார். தோள்பட்டைக்குக் கீழே பெட்டியின் நுனி பதிந்து, படகு மாதிரி ஒரு பள்ளம். அவரோடு குடும்பம் நடத்தியவளுக்கு அது தெரியாதா? தெரிந்ததால்தான் வேண்டாம் என்கிறாள். புருஷன் செத்துவிட்டார் என்று ஊருக்கும் தனக்கும் சொல்லி, ஒருவழியாகப் பழகியிருந்தாள்.

“அண்ணி, இல்லேன்னா இல்லேன்னு தெரிஞ்சுட்டுப் போவோம்.”

அண்ணி கட்டிலின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

நர்ஸ் வந்தாள். “செத்த கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, மூட்டு கழண்டுடும்” என்று எச்சரித்தாள். முழங்காலை மடக்கி, அடிவிரிப்பைச் சுருட்டிப் பிடித்து, தோளும் இடுப்பும் ஒன்றாக வரும்படி அவரைத் திருப்பினார்கள். சட்டையை மேலே தள்ளினாள் லென்ஸம்மா. விளக்கைச் சாய்க்கத் தேவையே இருக்கவில்லை. படகு அங்கேயே இருந்தது.

அதற்கும் கீழே, இடுப்பெலும்புக்கு மேல், தோல் சிவந்து உரியத் தொடங்கியிருந்தது.

“இவரைத் திருப்பியே படுக்க வைக்கலையா சிஸ்டர்?”

“வார்டு முழுக்க நான் ஒருத்திதான்க்கா. சொந்தக்காரங்க இருந்தா அவங்க திருப்புவாங்க.”

அழுகை வருமென்று லென்ஸம்மா கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை. தட்டில் ஒரு காசுக்குப் பெயர் கிடைத்தால் வரும் துள்ளல்கூட வரவில்லை. அவர் கண் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அவர்தானா?” கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து, எட்டிப் பார்க்காமலே அண்ணி கேட்டாள்.

“அவர்தான்.”

அண்ணி பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

“எனக்கு ஒண்ணுமே தோணலையேடி.”

“எனக்கும்தான். தோணாட்டாப் போகுது. இந்தச் சிவப்பு மேல இனிமே பாரம் விழக் கூடாது. அந்தத் தலையணையை எடுங்க, முதுகுக்கு முட்டுக் குடுக்கணும்.”

அண்ணி பையைக் கீழே வைத்தாள். தலையணையை எடுத்து, இரண்டாக மடித்து, தையல்காரியின் கையால் ஓரத்தை நீவிச் சரிசெய்து, அவர் முதுகுக்குப் பின்னால் செருகினாள்.

“இவ்வளவு உசரம் போதுமா?”

“இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க.”