பிள்ளைகள்: மூன்று

கௌரிசங்கரிடம் ஒரு கேள்வி உண்டு. கல்யாணமோ காதுகுத்தோ, அக்ரஹாரத்துக் கோயிலில் பிரசாத வரிசையோ, நாலு தமிழ்க் குரல் காதில் விழுந்தால் போதும், மனுஷர் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். "உங்க பாட்டியோட அம்மா பேரு என்ன?" அவ்வளவுதான். மாட்டிக்கொண்டவர் முழிப்பார், வாயைத் திறந்து மூடுவார், பக்கத்தில் நிற்கும் மனைவியைப் பார்ப்பார். கௌரிசங்கர் அவசரப்படவே மாட்டார். முகம் நன்றாகத் தொங்கும்வரை காத்திருந்து, அதற்கப்புறம்தான் ஜோல்னாப் பையிலிருந்து தன்னார்வலர் படிவத்தை எடுப்பார். இப்படிக் கூச்சப்படுத்தியே பதினெட்டுப் பேரைப் பிடித்துவிட்டார். லேசுப்பட்ட ஆள் இல்லை.

ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீசில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில்வேக்கும் சர்க்கார் உத்தியோகத்துக்கும் வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களையெல்லாம் ஓர் இணையதளத்தில் ஏற்றிவிட வேண்டும், பெயரைத் தட்டினால் கொள்ளுத்தாத்தா வரை வரிசையாக வந்து நிற்க வேண்டும் என்று மூன்று வருஷமாக ஒரே பிடியாக இருந்தார். தளத்தைக் கட்டிக் கொடுக்க இரண்டு ஐடி ஆட்கள் கிடைத்தார்கள். ஆனால் வீடு வீடாகப் போய்ப் பழைய ரேஷன் கார்டையும் கல்யாணப் பத்திரிகையையும் படமெடுத்து, பெயர்களைப் படித்து உள்ளே ஏற்ற யார் வருவார்கள்? அதற்குத்தான் இந்தக் கேள்வி.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் ஒன்றின் மாடியில் தன்னார்வலர் கூட்டத்துக்கு வந்த இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை மேஜையில் மடிக்கணினியோடு மேகனா. பி.காம் கடைசி வருஷம் படிக்கிற பெண், ஏற்றிய பக்கங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. கௌரிசங்கர் வழக்கம்போல ஆரம்பித்தார். "ஒரு பேரு கூட விட்டுப் போகப்படாது. அதுதான் நம்ம கொள்கை." பிறகு கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி, கடைசி வரிசையில் பச்சைப் புடவை கட்டியிருந்த பெண்ணைக் காட்டினார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். "நீங்க சொல்லுங்கோம்மா. உங்க பாட்டியோட அம்மா பேரு?"

அவள் எழுந்து நின்றாள். "தர்மாம்பாள் சார். வீட்ல தம்முன்னுதான் கூப்பிடுவாங்களாம். மேட்டுப்பாளையத்துலேந்து இங்க வந்தப்போ அவங்களுக்குப் பதினேழு வயசு. வலது காதுல மட்டும் தோடு போட மாட்டாங்களாம், சின்ன வயசுல காது கிழிஞ்சு போச்சுன்னு."

கூட்டம் கை தட்டியது. மூன்று வருஷத்தில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த முதல் பதில் அது. கௌரிசங்கருக்கு மட்டும் கை எழவில்லை. அவர் அம்மாவைப் பெற்றவள் அந்தத் தம்முப் பாட்டி. கிழிந்த காதோடு அவள் மடியில் உட்காரவைத்து அவருக்கே சாதம் ஊட்டியிருக்கிறாள். அந்த விவரம் எதுவும் தளத்தில் கிடையாது. வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும்.

அப்புறம் என்ன பேசினார் என்று அவருக்கே தெரியாது. ஏதோ சொல்லி முடித்தார், படிவத்தைக் கொடுத்தார், காபி வந்தது. எல்லோரும் டம்ளரோடு வராந்தாவுக்குப் போனதும் அந்தப் பெண் மேஜைக்கு வந்தாள்.

"நான் அக்ஷதா, மாமா. அன்னபூர்ணி பொண்ணு."

சார் என்றது மாமா ஆகிவிட்டதைக் கேட்டு மேகனா நிமிர்ந்து பார்த்தாள்.

அன்னபூர்ணி கௌரிசங்கரின் ஒரே தங்கை. நாற்பது வருஷத்துக்கு முன் அதே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த செல்லக்கண்ணுவைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஹனூர்ப் பக்கத்து ஆள், வேறு ஜாதி. அப்பா அன்றே தலைமுழுகிவிட்டார். கௌரிசங்கர் அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா போனபிறகும் பேசவில்லை. பத்து வருஷத்துக்கு முன் தேவராஜ மார்க்கெட்டில் எதிரே வந்தவள் இவரைப் பார்த்துச் சிரித்தாள். இவர் குனிந்து நஞ்சன்கூடு ரசபாலே வாழைப்பழச் சீப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார், அவள் தாண்டிப் போகும்வரை. வெட்கங்கெட்ட வேலை. அது அவருக்கும் தெரியும்.

"எங்க தாத்தா, மாமாவோட அப்பா பக்கத்தைத் திறக்கறீங்களா?" என்றாள் அக்ஷதா மேகனாவிடம். மேகனா திறந்தாள். பிள்ளைகள்: மூன்று. கௌரிசங்கர், இரண்டு தம்பிகள்.

"நாலு இருக்கணும். அம்மா பேரு இல்ல. அம்மாவுக்குக் கண்ணு சரியா தெரியல, நான்தான் படிச்சுக் காட்டினேன். 'அண்ணா விட்டிருக்க மாட்டான்டி, டைப் அடிக்கற பசங்க விட்டிருப்பா. பாவம், ஆள் போதலையோ என்னமோ, நீ போய்க் கொஞ்சம் ஒத்தாசை பண்ணு'ன்னாங்க. அதான் வந்தேன்."

கௌரிசங்கருக்கு வழி கிடைத்துவிட்டது. தங்கையே திறந்துவிட்ட வழி. "ஆமாம்மா," என்றார், "சரிபார்க்கறச்சே கவனிச்சிருக்க மாட்டா. சின்னப் பொண்ணுகள்தானே."

மேகனாவின் முகம் சிவந்துவிட்டது. "சாரி அக்கா. நான்தான் செக் பண்ணேன். எப்படி மிஸ் ஆச்சோ தெரியல. இப்பவே சேத்துடறேன்."

தளம் தொடங்கிய முதல் நாள், முதல் பக்கமாகத் தன் அப்பாவின் பக்கத்தைக் கௌரிசங்கரேதான் ஏற்றினார். நான்கு என்று தட்டினார். அன்னபூர்ணி என்று கூடத் தட்டினார். அடுத்த கட்டம் கணவர் பெயர் கேட்டது. சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்ப்பார்களே என்று தோன்றியது. இரண்டையும் அழித்துவிட்டு மூன்று என்று போட்டார். ஒரு பெயர் கூட விடக்கூடாது என்று அன்று சாயங்காலமே ஒரு வீட்டில் உட்கார்ந்து பேசினார்.

மேகனா தட்டிக்கொண்டே போனாள். பெயர், பிறந்த வருஷம், கணவர் செல்லக்கண்ணு. அடுத்த கட்டத்தில், உயிருடன் இருக்கிறார் என்பதற்கு நேரே அவளாகவே ஒரு டிக் போட்டாள்.

"அது இல்லம்மா," என்றாள் அக்ஷதா. "போன மார்ச் பதினொண்ணு."

மேகனா டிக்கை எடுத்தாள். கௌரிசங்கர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒண்டிக்கொப்பலில் அவள் வீட்டிலிருந்து அக்ரஹாரத்தில் இவர் வீட்டுக்கு ஸ்கூட்டரில் கால்மணி நேரம். தங்கை செத்து இத்தனை மாசம் ஆகிறது, அவருக்குத் தெரியாது. தீட்டுக்கூட அவர் காக்கவில்லை. யார் வந்து சொல்லுவார்கள், என்ன முகத்தோடு அவரிடம் வந்து சொல்லுவார்கள்? இந்தப் பெண் மேகனா இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தட்டிக்கொண்டிருக்கிறது.

"மேகனா," என்றார். "நீ ஒண்ணும் விடலை. நான்தான் எடுத்தேன். வேணும்னுதான் எடுத்தேன்."

மேகனாவின் கை நின்றது. வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது கௌரிசங்கருக்கு, அழவும் வெட்கமாக இருந்தது.

அக்ஷதா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "தெரியும் மாமா," என்றாள். "ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில பதிவு செய்தவர்னு பேரு வருது. அந்தப் பக்கத்துல உங்க பேருதான் இருக்கு. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினப்போ அந்த வரியை மட்டும் நான் படிக்கல."

பிறகு தன்னார்வலர் படிவத்தை எடுத்து, எந்தெந்தக் கிழமை வர முடியும் என்ற இடத்தில் சனி, ஞாயிறு என்று எழுதினாள். எழுதிமுடித்து அவர் முன்னால் வைத்தாள். கீழே ஒருங்கிணைப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். கௌரிசங்கர் பேனாவை எடுத்தார். தன் பெயரை எழுத அவருக்கு வெகு நேரம் ஆயிற்று.