மூன்று கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டு

திண்டிவனத்தில் எங்கள் கடைக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள், மாதிரி அட்டைகளைப் பார்ப்பதற்கு முன் என் மேசையைத்தான் பார்ப்பார்கள். வரிசையாக மூன்று கம்ப்யூட்டர், மூன்று திரை, எனக்கு நேரே ஒரே ஒரு கீபோர்டு, ஒரே ஒரு மவுஸ். மற்ற இரண்டுக்கும் கீபோர்டு எங்கே என்று மேசைக்கு அடியில்கூடக் குனிந்து தேடியவர்கள் உண்டு. நான் வாயைத் திறக்க மாட்டேன். தேடட்டுமே! அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

என் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் எழுதி முதல் வகுப்பில் தேறியவள். பார்த்து அடிக்க வேண்டிய தாளில் கண் இருக்க வேண்டும், கையில் இருக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டம் என் உடம்பில் ஊறிவிட்டது. எழுத்து ஒட்டிய கீபோர்டு வாங்கித் தரட்டுமா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். நீச்சல் தெரிந்தவளிடம் சுரைக்குடுக்கை வேண்டுமா என்று கேட்கிற மாதிரி.

கல்யாணமாகி வந்தபோது என் வீட்டுக்காரர் கடையில் ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. பிறகு இரண்டாயிற்று, மூன்றாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கீபோர்டு வந்தது. ஒன்றில் 'க' அழுந்தாது, இன்னொன்று சோறு மாதிரி குழையும். கனமாக, தட்டினால் டக்கென்று பதில் சொல்கிற பழைய கீபோர்டு ஒன்றுதான் என் விரலுக்குப் பிடித்தது. எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் அதைத்தான் பிடுங்கி மாட்டச் சொல்வேன். அவரும் முனகிக்கொண்டே மாட்டுவார். ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்படிப் பிடுங்கி மாட்டியதில் ஒரு நாள் ஒரு கம்ப்யூட்டரின் கீபோர்டு சொருகும் இடமே செத்துப்போனது. அதைச் சரிசெய்து முடித்த கையோடு சென்னைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கி வந்தார்.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. கீபோர்டும் மவுசும் அதில் சேரும், அதிலிருந்து மூன்று கம்ப்யூட்டருக்கும் வயர் போகும். முகப்பில் மூன்று பொத்தான், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பச்சை விளக்கு. எந்தப் பொத்தானை அழுத்துகிறோமோ, அந்தக் கம்ப்யூட்டருக்குக் கீபோர்டு போய்விடும். மேசைமேல் வயர் குவியாமல் இருக்கப் பெட்டியை மேசைக்கு அடியில் வைத்தோம். முதலாவதில் கல்யாணம், இரண்டாவதில் காதுகுத்து, மூன்றாவதில் பிரிண்டர். ஒருத்தி மூன்று பேர் வேலையைப் பார்த்தேன். தெருவே பார்த்தது.

எப்போதாவது சில எழுத்துகள் காணாமல் போகும். அடித்த வரி திரையில் இருக்காது, கீபோர்டும் வேலை செய்யாது. பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும். "வயரைக் காலால உதைச்சிக்கினே இருந்தா இப்படித்தான்" என்று அவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்வேன்.

அப்படி இருக்கையில்தான் அந்தக் காரியப் பத்திரிகை வந்தது. பக்கத்துக் கிராமத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற விவசாயி ஒருவர், பேரன் பேத்தி எடுத்து, நிறைந்த வயதில் இறந்துபோயிருந்தார். மகன் வந்து எழுதிக் கொடுத்தார். காலையிலேயே மூன்றாவது கம்ப்யூட்டரில் அடித்து, படித்துத் திருத்தித் திறந்தே வைத்திருந்தேன். பிறகு இரண்டாவதில் அவசரமாக ஒரு கல்யாணப் பத்திரிகை. கடைசிப் பத்தி அடித்து நிமிர்ந்தால் திரையில் இல்லை. வழக்கம்போல் பொத்தானை அழுத்தி, மறுபடி அடித்து முடித்தேன். காரியப் பத்திரிகையைக் காலையில் பார்த்தாயிற்றே என்று, திரையை ஏறிட்டும் பாராமல் பிரிண்ட் கொடுத்தேன்.

மதியம் மகன் வந்து, சரிபார்க்கக் கொடுத்த அந்தத் தாளை வாய்விட்டுப் படித்தார். கருமாதி நாள், இடம், எல்லாம் சரி. கடைசியில் குரல் நின்றது. அவர் அப்பாவின் பெயருக்குக் கீழே, 'சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்' என்று இருந்தது.

"எங்கப்பா சாவு கல்யாண சாவுதாம்மா. அதுக்குன்னு பத்திரிகையிலயே போட்டுடுவீங்களா?" என்றார். சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, சாயந்திரத்துக்குள் சரிசெய்து தருவதாகச் சொல்லி அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மே, உன்னால மூணையும் பாக்க முடியல. விழுப்புரத்துல டிகிரி படிச்ச ஆளு ஒருத்தர் வேலை கேட்டுக்கினு இருக்காரு. நாளைக்கு வரச்சொல்றேன். ஆளுக்கொரு கீபோர்டு வாங்கிடலாம். நீ ஊட்டப் பாரு."

ஊட்டப் பாரு! வீட்டோடு கிடக்கவா? அந்த நாற்காலி போனால் நான் யார்? என் விரல்களுக்கு அங்கே இருந்த மரியாதை எனக்கு வேறு எங்கேயும் இல்லை. அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. "நான் பிரிண்ட்டைப் பாக்காம குடுத்தது தப்பு. ஆனா அந்த வரிய அங்க அடிச்சது என் கை இல்லீங்க. இன்னான்னு கண்டுபுடிக்காம எழுந்திருக்க மாட்டேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் பெட்டி விற்றவருக்குப் போன் போட்டார். பெட்டி ரிப்பேர், கொண்டுவாருங்கள், வேறு தருகிறேன் என்றார் அவர். நான் நம்பவில்லை. மேசைக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து, கண்ணெதிரே, தாளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அதே கல்யாணப் பத்திரிகையை, அதே வேகத்தில், முதலிலிருந்து அடித்தேன். கடைசிப் பத்தியைத் தொடங்கும்போது இரண்டாவது விளக்கு அணைந்து மூன்றாவது எரிந்தது. பொத்தானை யாரும் தொடவில்லை.

கையை எடுத்துவிட்டு யோசித்தேன். கடைசியாக என்ன தட்டினேன்?

எங்கள் தமிழ் சாஃப்ட்வேரில் ஸ்க்ரோல் லாக் என்ற கீயைத் தட்டினால் தமிழ் போய் ஆங்கிலம் வரும், இன்னொரு முறை தட்டினால் தமிழ் திரும்பும். மணமகன் பெயரை அடித்து, பி.இ. போட்டு, மறுபடி தமிழுக்கு வர அதுதான் வழி. திரையைப் பார்க்காமல் அடிக்கிறவளுக்கு இப்போது இருப்பது தமிழா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் அந்தக் கீயை இரண்டு தட்டுத் தட்டி, கீபோர்டில் உள்ள விளக்கு அணைந்து எரிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வேன். பல வருஷப் பழக்கம்.

மெதுவாக இரண்டு தட்டினேன். பெட்டி அசையவில்லை. அவசரமாக இரண்டு தட்டினேன். விளக்கு அடுத்த கம்ப்யூட்டருக்குத் தாவியது. மறுபடி தட்டினேன், மறுபடி தாவியது. பெட்டியில் கோளாறே இல்லை. பொத்தானைத் தொடாமலே கம்ப்யூட்டர் மாற்ற அதுதான் அந்தப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்திருந்த சைகை! எனக்குத் தமிழைச் சரிபார்க்கிற தட்டு, அதற்குப் 'போ' என்கிற கட்டளை. தமிழில் டைப் அடிக்கிறவளிடம் வந்து மாட்டிக்கொள்ளும் என்று அதைச் செய்தவன் கண்டானா?

"ஏங்க, இங்க வாங்க" என்று கத்தினேன். மூன்று திரையிலும் தாவித் தாவி ஒவ்வொரு வரி அடித்துக் காட்டினேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார்.

திருத்திய பத்திரிகையை இரண்டு முறை படித்து, சாயந்திரம் மகன் கையில் நானே கொடுத்தேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அவர் தாளை நிதானமாகப் படித்து முடித்து, "இப்ப எங்கப்பாவுக்கு மட்டும்தான் இருக்குது" என்றார். போகும்போது கருமாதிக்கு வரச் சொன்னார். போனோம்.

திருத்திய பத்திரிகையைக் கொடுத்த மறுநாள் காலை, விழுப்புரத்து ஆள் பஸ்ஸில் வந்தார். வரவேண்டாம் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. வீம்புக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் அடித்துக்கொண்டே இருந்தேன். அவர் மூன்று திரைகளையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், நான் எந்தக் கீபோர்டுல உக்காரணும்?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து என்னை 'ஏம்மே' என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டறியாத மனிதர்.

"மன்னிச்சிக்கங்க தம்பி, உங்கள வீணா அலைய வெச்சிட்டேன்" என்றார். "இந்தக் கடைக்கு ஒரு கீபோர்டுதான். அது அவங்களோடது."